பிழை 49

மூன்றாம் மாடிப் பிரிண்டர் மறுபடி படுத்துவிட்டது என்று
படிக்கட்டிலிருந்தே கத்தினாள் லாமாரா.
குதாயிஸியில் அன்று ஐந்தாம் நாள் மழை.
தண்ணீர் வாரியத்தின் கூரையும் ஒழுகியது;
அது என் துறை இல்லை.

சின்னத் திரையில் நீல வெளிச்சம்:
பிழை 49. அணைத்துவிட்டுப் போடவும்.
அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
உறுமி, சூடேறி, ‘தயார்’ என்றது.
நான் திரும்புவதற்குள்
பிழை 49.

மேலாளர் நோதார் விலாவில் ஒரு தட்டுத் தட்டினார்.
அவர் வீட்டில் எல்லாம் அப்படித்தான் சரியாகிறதாம்.
தாள் தட்டை உருவிப் பார்த்தேன்.
டோனரைக் கழற்றிக் குலுக்கிப் போட்டேன்.
மை தீர்ந்தால் வேறு பிழை வரும், தெரியும்.
ஆனாலும் சுற்றி ஏழு பேர் நிற்கும்போது
எதையாவது கழற்றத்தான் வேண்டியிருக்கிறது.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதைப் பிறகு செய்தேன்:
பின்னால் கைவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன்.
தயார்.
ஐந்து நிமிடம் கழித்தும் தயார்.
சொருகினேன். விழுந்தது.

ஆக, கோளாறு உடம்பில் இல்லை.
யாரோ எதையோ ஊட்டுகிறார்கள்.

சர்வரில் வரிசையைத் திறந்தேன்.
லாமாராவின் சம்பளச் சீட்டுகள், நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
யாருடையதோ ஒரு வால்நட் கேக் செய்முறை.
நோதார் பெயரில் பத்துமிக் கடற்கரையில் ஒரு வாடகை ஒப்பந்தம்;
அதை நான் பார்க்கவில்லை.
எல்லாவற்றுக்கும் முன்னால், வழியை அடைத்துக்கொண்டு,
காலை ஒன்பது நாலிலிருந்து ஆறு தடவை அனுப்பிய ஒற்றைப் பக்கம்:
‘ஊற்றுகள்_கடைசி_இதுதான் கடைசி’.
அனுப்பியவர் ஜான்சுக் குல்பானி, வரைபடப் பிரிவு.

“உங்களுடையதுதான்” என்றேன்.
“தெரியும். அதனால்தான் காலையிலிருந்து
நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.”

பக்கத்தை இரண்டாக வெட்டி அனுப்பினேன்.
மேல்பாதி வந்தது. கீழ்ப்பாதியில் விழுந்தது.
அதில் பாதி. அணை, முப்பது எண்ணு, போடு.
அதில் பாதி.
மதியச் சாப்பாட்டு நேரம் போனபோது
கையில் ஒரு வரி இருந்தது,
வரியில் ஒரு பெயர்,
பெயரில் ஓர் எழுத்து.

நூறு வருஷத்துக்கு மேலாயிற்று
அதை எங்கள் நெடுங்கணக்கிலிருந்து கழித்து.
ஒலியே போய்விட்டது, எழுத்து எதற்கு என்றார்களாம்.
ஸ்வானேத்தி மலையில் ஒலி போகவில்லை.
ஜான்சுக் ஊரில் ஓர் ஊற்றின் பெயர்
அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

“பக்கத்து எழுத்தைப் போடச் சொல்” என்றார் நோதார்,
“குடிமுழுகிப் போகாது.”
“அப்படி எழுதினால்,” என்றார் ஜான்சுக்,
“அது வேறு தண்ணீர்.”
குரலை உயர்த்தவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே கூராக இருந்ததை.

நான் அமைப்புகளுக்குள் போனேன்.
மூன்றாவது பக்கம், யாரும் தொடாத கட்டம்:
எழுத்துகளைப் படமாக அனுப்பு.
பிரிண்டருக்கு அந்த எழுத்து தெரிய வேண்டியதில்லை.
கோடு எங்கே, வளைவு எங்கே என்று தெரிந்தால் போதும்.

வந்தது.
சூடாக, ஓரம் சற்றே சுருண்டு.
அதன் பின்னாலேயே சம்பளச் சீட்டுகள் கொட்ட,
ஏழு பேரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள்.
கேக் செய்முறையை எடுக்க யாரும் வரவில்லை.

பதிவேட்டில் எழுதினேன். காரணம்: எழுத்துரு.
தீர்வு: படம்.
மறுபடி வருமா என்ற கட்டத்தில்
‘வரும்’ என்று எழுதினேன்.

எப்படிச் சொல்வது என்று ஜான்சுக்கைக் கேட்டேன்.
சொன்னார். தொண்டையின் அடியில்,
கல்லுக்குக் கீழே ஏதோ புரண்டது போல.
நான் சொன்னேன். இருமல் வந்தது.

அன்று மாலை மினி பஸ்ஸில்
ரியோனிப் பாலம் தாண்டும்வரை சொல்லிப் பார்த்தேன்.
எதிரில் இருந்தவர்
கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஜன்னலைத் திறந்தார், அத்தனை மழையிலும்.